கடைசித் தாள்

நான் குடியிருப்பது சிட்னிக்கு மேற்கே, டூங்காபியில். சுற்றிலும் நிறையத் தமிழ்க் குடும்பங்கள். பூர்வகுடிகளான தாருக் மக்களின் இந்த நிலத்தில்தான் 1791-இல், பிரிட்டனிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளைக் கொண்டு மரம் வெட்டி அரசுப் பண்ணை போட்டார்கள். அது தெரிந்த நாளிலிருந்து, அந்தக் கைதிகள் யார் யார் என்ற கேள்வி என்னை விடவில்லை.

கேள்வி ஒரு புத்தகத்தில் கொண்டு போய் நிறுத்தியது. 'தி வாயேஜ் ஆஃப் கவர்னர் பிலிப் டு பாட்டனி பே', ஜான் ஸ்டாக்டேல் 1789-இல் லண்டனில் வெளியிட்டது. முதல் ஆளுநர் பிலிப்பின் தலைமையில், கைதிகளை ஏற்றிக்கொண்டு 1787 மே 13 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய 11 கப்பல்களின் கதை. இதில் 55 செப்புத்தகட்டுப் படங்கள் உண்டு. சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது பெரும்பாலும் அவற்றுக்குத்தான்.

எனக்கு வேண்டியது பின்னிணைப்பின் கடைசியில் இருக்கும் கைதிகள் பட்டியல். பெயர், தண்டனை பெற்ற ஊர், தேதி, எத்தனை ஆண்டு. அவ்வளவுதான். ஜான் ஹட்சன் என்றால் லண்டன், ஏழு ஆண்டு. திருடியபோது அவனுக்கு வயது ஒன்பது, புகைபோக்கி சுத்தம் செய்கிற பையன் என்பதை அந்த வரி சொல்லாது. ஓல்டு பெய்லி நீதிமன்றப் பதிவுகளைத் தேடிப் படித்தால்தான் தெரியும். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று வருடம் பணம் சேர்த்து, இங்கிலாந்தில் ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். 'முழுமையான பிரதி' என்று எழுதியிருந்தார். 1,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் என்பதால் சுங்கத்தில் இறக்குமதி அறிவிப்பு, 10 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் கட்டித்தான் கைக்கு வந்தது.

பிரித்ததும் முகப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் ஒரு வட்டப் பதக்கத்தின் படம். 'சிட்னி கோவ்' என்ற சிறு விரிகுடாவின் கரையில் தோண்டிய களிமண்ணை ஆளுநர் பிலிப் லண்டனுக்கு அனுப்ப, பீங்கான் கலைஞர் வெட்ஜ்வுட் அதில் வார்த்த பதக்கம் அது. என் ஊர் மண். அப்புறம் படங்களை எண்ணினேன். 55-ம் சரியாக இருந்தன. பட்டியலுக்கு வந்தேன். முதலெழுத்து வரிசையில் போய்க்கொண்டிருந்த பெயர்கள் டபிள்யூவில் சட்டென்று நின்றுவிட்டன. பின்னிணைப்பு ரோமன் எண்ணில் 74 பக்கம் இருக்க வேண்டும், என் பிரதியில் 72. கடைசித் தாளைக் காணோம். தையலோரத்தில் கிழிந்த விளிம்பு மட்டும் நூலளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் தவறாக எண்ணிவிட்டேனோ என்று சிட்னியில் உள்ள மிட்செல் நூலகத்துக்குப் போய் அங்குள்ள பிரதியோடு தாள் தாளாக ஒப்பிட்டேன். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும்தான் அனுமதி. சந்தேகமே இல்லை, ஒரு தாள் குறைவு.

வியாபாரிக்கு எழுதினேன். "படமெல்லாம் இருக்கிறதே, வெறும் பெயர்தானே" என்று பதில் வந்தது. அந்த வார்த்தை இன்றைக்கும் வலிக்கிறது. கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி அந்தப் புத்தகம் ஒவ்வொருவருக்கும் கொடுத்தது ஒற்றை வரி. அதையும் 'வெறும்' என்றால் எப்படி? புகைப்படங்களோடு விடாமல் எழுதி, ஆறு வாரம் கழித்துப் பணத்தைத் திரும்ப வாங்கினேன். தபால் செலவு என் தலையில்.

இரண்டாவது முறை பணம் கட்டுமுன் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வாங்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: படங்களை எண்ணுங்கள், பின்னிணைப்பையும் எண்ணுங்கள். விடுபட்ட தாளுக்கு நகல் தாள் வைத்துத் தைத்திருப்பதும் உண்டு. அதனால் புத்தகம் வந்ததும் கடைசித் தாளின் பின்னால் டார்ச் பிடித்துப் பார்த்தேன். கையால் செய்த பழைய காகிதத்தில் சல்லடைக் கம்பிகள் விட்டுச்செல்லும் கோடுகள் முந்தைய தாள்களில் இருப்பது போலவே தெரிந்தன. தோல் அட்டை பிற்காலத்தது, முதுகு வெடித்திருக்கிறது, சில படங்களில் பழுப்புப் புள்ளி. அதனால் விலையும் குறைவு. எனக்கு அது போதும்.

இப்போது அந்தக் கடைசித் தாளின் பெயர்களைத்தான் வழக்குப் பதிவுகளோடு பொருத்திக்கொண்டிருக்கிறேன். லண்டனில் தண்டனை பெற்றவர்கள் எளிதாகக் கிடைக்கிறார்கள். எக்ஸெட்டர் மாதிரி வெளியூர்க்காரர்களுக்கு அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். இதுவரை பதினான்கு பேர் கிடைத்திருக்கிறார்கள்.