பேசக் கூடாதவர்கள் கூடும் இடம்

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் நாங்கள் நடத்தும் தொழில்நுட்பச் சந்திப்புக்கு வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஓர் ஒட்டுத்தாளைக் கொடுத்துவிடுவோம். பெயரையும் வேலை செய்யும் கம்பெனியையும் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஏழரை மணிக்கு ஒவ்வொருவராக எழுந்து தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். பல மாதங்கள் இந்த அறிமுகம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. பெயரைச் சொல்வார்கள், கம்பெனியைச் சொல்வார்கள், பிறகு ‘டெஸ்ட்’ என்றோ ‘டிசைன்’ என்றோ ஒரே ஒரு சொல். எதை டெஸ்ட் செய்கிறீர்கள் என்று விவரம் அறியாத புதியவர் யாராவது கேட்டால் ஒரு சிரிப்பு வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. நானும் அப்படிச் சிரித்தவள்தான். பதினோரு ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் நிரல்களை எழுதுகிறேன். எந்தச் சில்லு, எந்த வாடிக்கையாளருக்கு என்பதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

இது எங்கள் ஊரோடு வளர்ந்த பழக்கம். 1972-இல், லிம் சோங் இயூ பினாங்கு முதலமைச்சராக இருந்தபோது, பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் உருவானது. அந்தத் தொடக்கக் காலத்தில் வந்து சேர்ந்த இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், ஹித்தாச்சி, கிளாரியன், போஷ் ஆகிய எட்டு நிறுவனங்களையும் ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்வதுண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் தொழிற்சாலை இங்கேதான் எழுந்தது. என் அம்மா 1980-களில் இந்த வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்தவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்தில் பொருத்துவது அவருடைய வேலை. அந்தச் சில்லு எந்தக் கருவிக்குள் போய்ச் சேரும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குச் சொல்கிறார்கள், சொல்வதற்கு முன் என்.டி.ஏ. எனப்படும் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு தலைமுறையில் நம் குடும்பம் கண்ட முன்னேற்றம் இவ்வளவுதான் என்று நான் வேடிக்கையாகச் சொன்னால் அம்மா முறைப்பார்.

கோலாலம்பூரில் நான் கண்டது வேறு. 2017 ஆகஸ்டில் பைத்தான் நிரல்மொழிக்கான ஆசிய பசிபிக் மாநாடு அங்கே நடந்தபோது இரவுப் பேருந்தில் போயிருந்தேன். வந்திருந்தவர்களில் நான் பேசிய பலரும் இணையச் சேவைகளை உருவாக்குகிறவர்கள்; அவர்கள் எழுதிய நிரலில் ஒரு பகுதி ஏற்கெனவே நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லார் கண்ணிலும் படும்படி கிடக்கிறது. எந்தப் பிழையால் எத்தனை மணி நேரம் தளம் முடங்கியது என்பதை மேடையேறிச் சொல்லிச் சிரிக்கவும் அவர்களால் முடிகிறது. உணவு இடைவேளையில் ஒருவர் என் தட்டைப் பார்த்து, அந்தச் சம்பலில் காரம் எப்படி என்று பேச்சைத் தொடங்கி, பத்தாவது நிமிடத்தில் தம் கம்பெனியின் தரவுத்தளம் ஏன் தடுமாறுகிறது என்பதில் வந்து நின்றார். எனக்கு வியப்பாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பினாங்கில் நாங்களும் இப்படிப் பேசினால் என்ன என்ற ஆசையோடு திரும்பி வந்துதான், ஏற்கெனவே சிலர் தொடங்கி வைத்திருந்த சந்திப்பின் ஏற்பாட்டுக் குழுவில் சேர்ந்தேன்.

ஆசை ஒரு பக்கம் இருக்க, பேச்சாளர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் போய் நின்றால், தாம் அறிந்ததெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமானது என்று கையை விரிப்பார். மேலிடத்தில் அனுமதி கேட்டு வருகிறேன் என்று சொன்னவர்களும் உண்டு; அந்த அனுமதி சட்டப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுத் தலைமையகத்துக்குப் போய், நாங்கள் குறித்த தேதி கடந்த பிறகு ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று திரும்பும். ஆகவே யார் பேச முன்வந்தார்களோ அவர்களை வைத்துக் காலம் தள்ளினோம். முன்வந்தவர்களில் பாதிப்பேர் எதையாவது விற்க வந்தவர்கள். மீதிப்பேர் ஆள் பிடிக்க வந்த வேலைவாய்ப்பு முகவர்கள். கூட்டம் முடிந்ததும், வேலைத் தொடர்புகளுக்கான வலைத்தளமாகிய லிங்க்ட்இன்னின் கியூஆர் குறியைக் கைப்பேசியில் காட்டி மாற்றி மாற்றிப் படமெடுத்துக்கொள்வார்கள். இதற்குத்தான் நெட்வொர்க்கிங் என்று பெயர். என் லிங்க்ட்இன் பட்டியலில் அப்படிச் சேர்ந்த பல பெயர்களுக்கு உரிய முகம் இன்றுவரை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

உணவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். யாராவது புரவலர் கிடைத்தால் பீட்சா வரும். மாட்டிறைச்சி தூவியதும் வரும், கோழி தூவியதும் வரும், காய்கறி மட்டும் போட்டது எப்போதும் ஒரே ஒரு பெட்டி வரும். மாட்டிறைச்சி சாப்பிடாத எங்களுக்கும் சைவம் சாப்பிடும் சீன நண்பர்களுக்கும் அந்த ஒரு பெட்டிதான் கதி. பல நாள் முகம் பார்த்தும் பேசாதவர்கள் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றபோதுதான் முதன்முதலாக ஒருவரோடு ஒருவர் பேசினார்கள் என்பதை நான் பிற்பாடுதான் கவனித்தேன்.

சென்ற ஆண்டு ஒருங்கிணைப்பாளரான சீன நண்பர் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். இனிமேல் வேலையைப் பற்றிய உரையே வேண்டாம். வீட்டில் செய்து பார்த்து ஓடாமல் நிற்கிற ஏதாவது ஒன்றை எடுத்து வாருங்கள், மேசைமேல் வையுங்கள் என்றார். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த வகைக் கூட்டங்களுக்கெல்லாம் முன்னோடியானது அப்படித்தான் நடந்திருக்கிறது. 1975 மார்ச் 5-ஆம் தேதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கோர்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் கொட்டகையில் முதன்முதலாகக் கூடிய ஹோம்புரூ கணினி மன்றத்துக்கு ஸ்டீவ் வோஸ்னியாக்கும் போனார். அவர் அப்போது ஹியூலெட் பேக்கார்டில் கணிப்பான்களை வடிவமைத்துக்கொண்டிருந்த சம்பளக்காரர். மன்றத்துக்குப் பின்னாளில் அவர் எடுத்துச் சென்று காட்டியது கணிப்பான் அன்று. வேலை நேரம் போக மீதி நேரத்தில் தாமே கட்டிய கணினியை. அதன் சுற்றுப்படத்தை நகலெடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். பிற்பாடு ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினியான ஆப்பிள் 1 ஆனது அதுதான். கம்பெனி உப்பைத் தின்கிறவர்களும் பேச முடியும்; அதற்கு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒன்று அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

புதிய முறையின் இரண்டாவது மாதம், பெருநிலத்திலிருந்து ஒரு தமிழ் மாணவர் வந்தார். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறவர். 2019 முதல் பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது என்பதால்தான் மாதாமாதம் வர முடியும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். காலணிப் பெட்டி ஒன்றிலிருந்து ஆர்டுவினோ எனப்படும் சிறு கணினிப் பலகை ஒன்றையும், அதில் கம்பிகளால் இணைத்த கட்டைவிரல் அகலத் திரை ஒன்றையும் எடுத்து வைத்தார். அவருடைய பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தமிழ் மட்டுமே வாசிப்பார். மருத்துவமனைக்குப் போக அடுத்த பேருந்து எப்போது என்பதை ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே வீட்டுச் சுவரில் மாட்டிவைக்க, பேருந்து நேரத்தைத் தமிழில் காட்டும் ஒரு சிறு பலகை செய்யலாம் என்று இறங்கியிருக்கிறார். நேரக் கணக்கெல்லாம் சரியாக ஓடியது. எழுத்துதான் ஓடவில்லை. ‘பேருந்து’ என்று காட்ட வேண்டிய இடத்தில், முதலில் ‘ப’ நின்றது, அதன்பின் இரட்டைக் கொம்பு வந்தது, அது அடுத்த ‘ர’வோடு ஒட்டிக்கொண்டு ‘பரே’ என்று எதையோ வாசிக்க வைத்தது.

தமிழ் தெரியாதவர்களுக்கு விளக்க வேண்டியிருந்ததால் அவர் வெண்பலகைக்குப் போனார். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ் ஒலிக்கும் முறைப்படி சேமிக்கப்படுகிறது: முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. ‘பேருந்து’ நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடுக்கு எட்டுக் குறியீடு. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகியவை சேமிப்பில் மெய்க்குப் பின்னால் இருந்தாலும் காட்டும்போது முன்னால் வர வேண்டும். ‘கொ’வில் குறி இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். கைப்பேசியில் இந்த வேலையைச் செய்யத் தனியாக ஒரு மென்பொருள் இருக்கிறது. அவருடைய பலகையிலோ நிரலுக்கு 32 கிலோபைட், தற்காலிக நினைவகம் 2 கிலோபைட். 128-க்கு 64 புள்ளிகள் கொண்ட அந்தத் திரையின் ஒரு படத்துக்கே 1024 பைட், அதாவது நினைவகத்தில் பாதி, போய்விடுகிறது.

அதன்பின் நடந்ததை நான் அந்த அறையில் அதற்கு முன் பார்த்ததில்லை. சட்டையில் ஒட்டியிருந்த கம்பெனிகளின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. சந்தையில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் கம்பெனிகளின் ஆட்கள் தோளோடு தோள் உரச அந்தக் காலணிப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். மூன்று ஆண்டுகளாக ‘டிசைன்’ என்ற ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிடும் மலாய் நண்பர் ஒருவர், 247 எழுத்தையும் முழுப் படமாக வைத்துவிடலாமே, எழுத்துக்கு 32 பைட் என்றாலும் 7904 பைட்தானே, இடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டார். ‘கௌ’ போன்றவை பதினாறு புள்ளி அகலத்தில் அடங்காதே என்று மாணவர் மறுத்தார். அப்படியானால் எழுத்துகளாக வைக்காமல் துண்டுகளாக வை என்றார் வேறொருவர். எதைச் செய்தாலும் 247-ஐயும் வரிசையாகத் திரையில் ஓட்டி, அதன்பின் கொம்பு வருகிற சொற்களை மட்டும் தனியாக ஓட்டிப் பார் என்று நான் சொன்னேன். என் தொழிலில் கற்றதை அந்த அறையில் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அதில் எந்த இரகசியமும் கசியவில்லை.

கடைசி வரிசையிலிருந்து பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். 2001-இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் போனவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். “தம்பி, நீங்கள் தேடுவதை நாங்கள் அப்போதே வைத்திருந்தோம். டிஸ்கி என்று பெயர்” என்றார். யூனிகோடு பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து விவாதித்து உருவாக்கிய எட்டு பிட் குறியீடு அது. தட்டச்சுப் பொறியில் அடிப்பதைப்போல் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும். கொம்பு முதலில், மெய் பிறகு. தமிழ் வடிவங்கள் அத்தனையும் அதன் 256 இடங்களில் மேல்பாதியான 128 இடங்களுக்குள் அடங்கிவிடும். வடிவத்துக்கு 32 பைட் என்றால் மொத்தம் 4096. காலாவதியாகிவிட்டது என்று நாங்கள் மறந்த ஒரு முறை, இடம் பற்றாத பலகைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர் என்பதை அந்தப் பெரியவர் பெருமையோடு சொன்னபோது, பக்கத்திலிருந்த சீன நண்பர் அந்தப் பெயரைத் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். தமிழ்க் கணிமையின் விவாதங்கள் அவ்வளவு தாராளமாக நடந்ததற்குக் காரணம், அந்தச் சிக்கலை எந்தக் கம்பெனியும் தன் இரகசியமென்று பூட்டி வைக்காததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பெனிகள் அதைப் பெரிதாக மதிக்காததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அதை நினைத்தால் வருத்தம்தான், ஆனால் அன்றைய மாலைக்கு அதுவே உதவியது.

ஒன்பதரைக்கு அறையைப் பூட்ட ஆள் வந்துவிட்டார். ஏழெட்டுப் பேர் கீழே இருந்த மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்துக்கு, நகர்ந்தோம். அங்கே பேச்சு தமிழுக்கு மாறியது. தே தாரிக் ஆறிப்போனது. பெரியவர் ரொட்டிச் சானாயைப் பிய்த்தபடியே ஒரு ரசீதின் பின்பக்கம் டிஸ்கியின் அட்டவணையை நினைவிலிருந்து எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வீட்டில் பழைய அச்சுப்படி இருக்கிறது, அனுப்புகிறேன் என்றார். மாணவர் அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டார். கியூஆர் குறியை யாரும் நீட்டவில்லை. விடைபெறும்போது அந்த மாணவர் என்னிடம், “அக்கா, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டார். டெஸ்ட் என்றேன். அது தெரிந்துதான் போயிற்று என்று சிரித்தார்.

அடுத்த மாதம் அதே காலணிப் பெட்டி வந்தது. ‘பேருந்து’ ஐந்து வடிவங்களாக, கொம்பு முன்னும் ‘ப’ பின்னுமாக, ஒழுங்காக நின்றது. எல்லாரும் கை தட்டினோம். பிறகு மாணவர் திரையை, பேருந்து போகும் இடத்தைக் காட்டும் வரிக்கு மாற்றினார். பதினாறு புள்ளி அகலம் என்றால் 128 புள்ளித் திரையில் எட்டு வடிவங்களுக்குத்தான் இடம்; ‘பட்டர்வொர்த்’ என்பதற்கு ஒன்பது வேண்டும். திரையில் ‘பட்டர்வொர்’ வரைதான் தெரிந்தது. அகலத்தைக் குறைக்கலாம் என்று மலாய் நண்பர் தொடங்க, வரியை நகர விடலாம் என்று இன்னொருவர் மறுக்க, பாட்டிக்கு நகரும் எழுத்தை வாசிக்கக் கண் போதாது என்று மாணவர் தலையாட்ட, பீட்சா வந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை.