கேம்ப் ராண்டாலை ஒட்டி ஒரு வீடு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில் வீடு பார்த்தபோது, அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் சத்தம் அதிகமாக இருக்குமே என்று வீட்டுக்காரர் சொன்னார். வாடகை கையைக் கடிக்கவில்லை, சரி என்று குடிவந்துவிட்டோம். கேம்ப் ராண்டால் மைதானம் நடக்கிற தூரம்தான். அதன் ஓரத்தில் ஒரு பெரிய கல் வளைவு நிற்கிறது. அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோனதால் 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வடக்குத் தரப்பின் விஸ்கான்சின் வீரர்கள் சுமார் 70,000 பேர் பயிற்சி எடுத்த முகாம் இது.

அவர்களில் 15ஆவது விஸ்கான்சின் காலாட்படைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பெரும்பாலும் நார்வேயிலிருந்து குடியேறியவர்கள் தாமாக முன்வந்து சேர்ந்த படை. அதன் தலைவர் கர்னல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக், 1840இல் பெற்றோருடன் சிறுவனாக இங்கே வந்தவர். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். 1861இல் மேடிசனிலிருந்து வெளிவந்த 'எமிக்ராண்டன்' என்ற நார்வேஜியப் பத்திரிகை வழியாக ஆள் சேர்த்தார். அதிகாரிகள் நம் மொழி பேசுவார்கள், ஆங்கிலம் தெரியாதவர்களும் சேரலாம் என்பது அந்த அழைப்பின் சாரம்.

இதைப் படித்தபோது அம்மாதான் நினைவுக்கு வந்தார். மருத்துவமனையில் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தமிழில் விளக்கமாகச் சொல்வார். நான் அதை இரண்டு வரியில் சுருக்கிவிடுவேன். தன் வாயாலேயே சொல்ல முடியாத தவிப்பு அவர் முகத்தில் தெரியும். வந்த நாட்டின் மொழி பிடிபடும் முன்பே, அந்த நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவர்களும் இருந்திருக்கிறார்கள்.

1862 மார்ச்சில் படை கிளம்பியது. வழியில் சிகாகோவின் நார்வேஜியர் சங்கம் கொடி கொடுத்து அனுப்பியது. முதலில் மிசிசிப்பி ஆற்றில் பத்தாம் எண் தீவு முற்றுகை, அப்புறம் பெரிவில், ஸ்டோன்ஸ் ரிவர் போர்கள். குண்டை விட நோய்தான் அதிகம் பேரைக் கொண்டுபோனது. ஹெக் தன் மனைவி கூனில்டுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். 1863 செப்டம்பர் 19, சிக்கமாகா போரில் பல படைகள் சேர்ந்த ஒரு பிரிகேடையே நடத்திக்கொண்டிருந்தபோது குண்டு பாய்ந்து, மறுநாள் இறந்தார். அங்கே பிடிபட்ட அவருடைய ஆட்கள் சிலர் தெற்குத் தரப்பின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மடிந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தாம் எண் தீவில் சரணடைந்த தெற்கத்தி வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இதே கேம்ப் ராண்டாலுக்குத்தான் கொண்டுவந்தார்கள். தெற்கு மாநிலமான அலபாமாவின் வெயிலில் வளர்ந்தவர்கள் பலர். சுமார் 140 பேர் சில மாதங்களில் நோயில் இறந்து ஃபாரஸ்ட் ஹில் கல்லறையில் கிடக்கிறார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோலப் போய்விடலாம். அந்த வரிசைக் கற்களுக்கு முன்னால் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனாலும் மனம் கனக்கத்தான் செய்கிறது.

ஹெக்கின் சிலை மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் முன் இருக்கிறது. 2020 ஜூனில் இனவெறிக்கு எதிரான போராட்டத்தின் நடுவே அதைச் சாய்த்து மனோனா ஏரியில் போட்டார்கள். அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது விழுந்தது அடிமை முறைக்கு எதிராகப் போரிட்டுச் செத்தவன் மேல். 2021இல் சரிசெய்து மீண்டும் நிறுத்தினார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஏரியைக் காட்டுவதற்கு முன்பே அந்தச் சிலையிடம்தான் கூட்டிப்போகிறேன்.