வாக்குறுதியும் ஆளணியும்

இலங்கையின் வடக்கே வன்னியில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையொன்றின் திட்டமிடல் பிரிவில் பணியாற்றிய காலத்தில், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களுக்கான அறிக்கைகளைத் தயாரிப்பது என் பொறுப்பாக இருந்தது. அங்கே சுகாதாரம் பற்றி எழுந்த கேள்விகளிற் பெரும்பாலானவை, முந்தைய தேர்தல் மேடைகளில் எந்த வடிவில் பேசப்பட்டனவோ அதே வடிவில்தான் எங்கள் மேசைக்கு வந்துசேர்ந்தன.

மேடைக்கு உகந்த சொல் ‘தரமுயர்த்தல்’. சிறிய பிரதேச வைத்தியசாலையை, நிபுணர்கள் பணியாற்றும் ஆதார வைத்தியசாலையாக்குவோம் என்று வேட்பாளர் ஒருவர் சொல்லிவிட்டால், பின்னர் வரும் விவாதம் முழுவதும் கட்டடம் எப்போது முடியும், நிதியைத் தடுத்தவர் யார் என்பவற்றுக்குள் அடங்கிவிடும். ஆளணி, அதாவது பணியாளர் எண்ணிக்கைக்கான அனுமதியும் தாதியர் விடுதியும் கூட்டக்குறிப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். நானறிந்த ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கூடம் திறந்துவைக்கப்பட்ட பின்னரும், மயக்க மருந்து நிபுணர் இல்லாததால், பிரசவச் சிக்கலோடு வந்த தாய்மார் அம்புலன்ஸில் வேறிடத்துக்கே அனுப்பப்பட்டனர். வைத்தியர்களின் வருடாந்த இடமாற்றப் பட்டியல் கொழும்பில் தயாராகிறது என்பதை மேடையில் எவரும் விளக்குவதில்லை. விளக்கினால் கைதட்டல் கிடைக்காது என்பதும் உண்மைதான்.

2013 செப்டெம்பரில் நடந்த வடக்கு மாகாண சபைத் தேர்தலில் அதிகாரப் பகிர்வே முதன்மையாகப் பேசப்பட்டது. அதனால், மாகாண சபையின் கீழிருந்த ஒரு வைத்தியசாலையை மத்திய அமைச்சின் கீழ்க் கொண்டுவரலாமா என்ற நிர்வாகக் கேள்வியும், உரிமையை விட்டுக்கொடுப்பதா என்ற கேள்வியாகவே பின்னர் விவாதிக்கப்பட்டது. அந்த அச்சம் வீணானதென்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் எந்த வழியில் நிபுணர் விரைவாகக் கிடைப்பார் என்று கணக்குப் பார்க்க அதன்பின் இடமிருக்கவில்லை.

மருந்து விடயத்திலும் இதுவே நிகழ்ந்தது. முன்னாள் சுகாதார அமைச்சரான மைத்திரிபால சிறிசேன 2015 ஜனாதிபதித் தேர்தலில் முன்வைத்த நூறு நாள் வேலைத்திட்டத்தில் தேசிய மருந்துக் கொள்கையும் இருந்தது. அவ்வாண்டே தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. நல்ல காரியமே. எனினும், அரச வைத்தியசாலை மருந்துக் கூடத்தையே நம்பியிருந்த எங்கள் கிராமத்து நோயாளிக்கு விலையை விட மருந்து வந்துசேர்வதே பெரிது. 2022 பொருளாதார நெருக்கடியில் இருப்புக் குறைந்தபோதுதான் விநியோகம் பற்றிய பேச்சு உரத்துக் கேட்டது.

2018 ஒக்டோபரில் மாகாண சபையின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடைபெறாததால், சிறிய வைத்தியசாலைகளுக்காகவும் பாராளுமன்ற வேட்பாளர்களையே கேட்கவேண்டியதாயிற்று. அதிலும் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்க, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்கள் 6 ஆசனங்கள் கொண்ட வன்னித் தேர்தல் மாவட்டமாக இருக்கின்றன. அடுத்தடுத்த ஊர்களிலிருந்து ஒரே ஆளணிப் பற்றாக்குறை பற்றி இரண்டு தேர்தல் மாவட்ட வேட்பாளர்கள் இரண்டு விதமாக அளித்த வாக்குறுதிகளின் கோப்புகள் எங்கள் பணிமனையில் தனித்தனியாகவே பேணப்பட்டன.