இரண்டு சட்டை போட்ட ராஜாவும் என் இரண்டாவது முயற்சியும்

பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கவும் குடியுரிமை பெறவும் எழுத வேண்டிய லைஃப் இன் தி யூகே தேர்வில் முதல் முறை தோற்று வெளியே வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. 50 பவுண்டு போனது ஒரு பக்கம். ஐ.எல்.ஆர். என்ற நிரந்தரத் தங்கும் அனுமதிக்கான விண்ணப்பத்துக்கு மற்ற எல்லாம் தயாராக இருக்க, இது ஒன்றால் நின்றதே என்ற வேதனை இன்னொரு பக்கம். 24 கேள்விகள், 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் பாஸ். சுலபம்தான் என்று எல்லோரும் சொன்னதை நம்பி, ஆப்பில் மாதிரித் தேர்வுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனேன். அதுதான் தப்பு. விடைகள் மனப்பாடம் ஆயினவே தவிர, எந்த ராஜாவுக்கு அப்புறம் எந்த ராஜா என்பது பிடிபடவில்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் கை ஓடவில்லை.

தோற்றால் 7 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். நான் அவசரப்படாமல் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அரசு வெளியிட்ட கையேட்டில் ஐந்து அத்தியாயங்கள். நான்கை இங்கே வாழும் பழக்கத்திலேயே பாதி படித்துவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது மூன்றாவதாக வரும் வரலாறுதான். அதை இந்த முறை வருடக் கணக்காகப் படிக்காமல், ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தேன்: ராஜாவின் கையில் இருந்த அதிகாரம் எப்போது, யார் கைக்குப் போனது?

1215-இல் பிரபுக்கள் ஜான் மன்னரை நெருக்கி மாக்னா கார்ட்டாவை ஏற்க வைக்கிறார்கள். சட்டத்துக்கு ராஜாவும் கட்டுப்பட்டவர் என்பது அங்கே ஆரம்பம். நானூறு வருடம் கழித்து முதலாம் சார்லஸ், கடவுள் கொடுத்த உரிமை என்று சொல்லி, நாடாளுமன்றமே இல்லாமல் 11 வருடம் ஆள்கிறார். 1642-இல் உள்நாட்டுப் போர். 1649-இல் அவர் தலையே போகிறது.

இந்த இடம் மனதில் நிற்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயிட்ஹால் தெருவுக்கே போனேன். அரண்மனையின் விருந்து மண்டபமான பேங்க்வெட்டிங் ஹவுஸ் வாசலில்தான் அவர் தலையை வெட்ட மேடை போட்டிருந்தார்கள். உள்ளே தன் அப்பாவின் புகழைப் பாடும் விதான ஓவியங்களை ரூபென்ஸை வைத்து வரைய வைத்தவர் சார்லஸ். கடைசி நாளில் அந்த மண்டபத்தின் வழியாகவே நடந்து வெளியே வந்தார். அன்று ஜனவரி 30, கடும் குளிர். நடுங்கினால் பயத்தில் நடுங்குவதாக நினைப்பார்கள் என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டாராம். எதிரே ஹார்ஸ் கார்ட்ஸ் கடிகாரத்தில் 2 மணி இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு உண்டு; அவர் தலை விழுந்த நேரத்தின் அடையாளம் என்கிறார்கள். அந்தப் பொட்டைப் பார்த்த பிறகு 1649 எனக்கு மறக்கவே இல்லை. ராஜா இல்லாத நாட்டை ஆண்ட கிராம்வெல், அவருக்குப் பின் 1660-இல் திரும்பி வந்த இரண்டாம் சார்லஸ், 1666 லண்டன் தீ, எல்லாம் அதன் பின்னால் வரிசையாக நின்றுவிட்டன.

நான் சென்னைக்காரி. இன்னொரு உதவி அங்கிருந்து கிடைத்தது. புனித ஜார்ஜ் கோட்டைக்கு 1639-இல் இடம் வாங்கியபோது இங்கே ராஜா இதே முதலாம் சார்லஸ். சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கான சாசனம் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தது. சில வாரங்களில், நவம்பர் 5 அன்று, ஜேம்ஸின் மருமகனான நெதர்லாந்தின் வில்லியம் படையோடு இங்கிலாந்தில் வந்து இறங்க, ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடிவிட்டார். மறு வருடம் உரிமைச் சட்டம். அதற்குப் பிறகு நாடாளுமன்றம் இல்லாமல் ராஜா வரி போட முடியாது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799-இல் இங்கே மூன்றாம் ஜார்ஜ். அயர்லாந்து இணைந்த 1801, டிரஃபால்கர் போர் நடந்த 1805, எல்லாம் அவர் காலம்தான். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வருடம் கண்டிப்பாக இருக்கும். அதில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஓட்டு. 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டத்துக்கு முன் ஓல்ட் சாரம் என்ற வெறும் மேட்டுக்கு இரண்டு எம்.பி.க்கள், மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால் வருடம் தானாக நினைவில் நிற்கிறது. ஓட்டுரிமை 1918-இல் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, 1928-இல் ஆண்களைப் போலவே 21 வயதில், 1969-இல் எல்லோருக்கும் 18 வயதில். இந்த மூன்றையும் குழப்பாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

1810-இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் ஹிந்துஸ்தானி காஃபி ஹவுஸ் திறந்த சேக் தீன் முகமதுவும் கையேட்டில் இருக்கிறார். 'ஷாம்பு' என்ற தலை மசாஜை இங்கே பரப்பியவரும் அவரே. நம் ஆள் என்று அலட்சியமாகத் தாண்டிவிடாதீர்கள்.

தேர்வில் சில கேள்விகளுக்கு இரண்டு விடைகளைத் தேர்வு செய்ய வேண்டும். ஒன்று தப்பினாலும் மதிப்பெண் கிடையாது. எத்தனை கேட்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். பதிவு செய்யும்போது பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்கட்டும். நமக்கு இனிஷியல், அப்பா பெயர் என்று ஒவ்வொரு தாளிலும் ஒரு மாதிரி இருக்கும். பொருந்தாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், பணமும் திரும்பாது.

இரண்டாவது முறை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். பாஸ் ஆனதும் மின்னஞ்சலில் ஒரு எண் வரும். அதைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள். ஐ.எல்.ஆருக்கும், பிறகு குடியுரிமைக்கும் அதே எண்தான், மறுபடி எழுத வேண்டியதில்லை.