தடுப்புச் சுவர் கேள்வியில் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

முதல் தடவை டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் தேர்வு எழுதியபோது மண் சரியாமல் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர் எனக்கு வெறும் மனப்பாடப் பகுதி. மண் சுவரை எவ்வளவு தள்ளும் என்று சொல்லும் ரேங்கின் சூத்திரம் தெரியும், விசை மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் செயல்படும் என்று தெரியும், அத்தோடு சரி. தெரிந்த கேள்விகளையே தப்பாகப் போட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகு இரண்டு வருஷம் குன்னூர்ப் பக்கம் ஒரு சாலை வேலையில் சைட் இன்ஜினியராக இருந்தேன். புத்தகத்தில் ஏறாதது அங்கே ஒரு காலையில் ஏறியது.

4 மீட்டர் உயரச் சுவர். கான்கிரீட் போடும்போது சிமென்ட் பால் உள்ளே போகாமல் இருக்க, பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வைக்கும் வீப் ஹோல் பைப்புகளின் வாயில் சாக்குத் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். பலகை பிரித்த பிறகு அதை எடுக்க யாருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும்தான். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டிய இடத்தில் வெட்டிப் போட்ட மண்ணையே தள்ளி மூடியாகிவிட்டது. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் ஜாயின்ட் வழியாகத் தண்ணீர் கசிகிறது, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவரின் தலை வெளியே வந்திருக்கிறது. மேஸ்திரி ஒரு 12 எம்.எம். கம்பியை எடுத்துக் கீழ்வரிசைப் பைப்பில் ஓங்கிக் குத்தினார். சாக்குத் துண்டு பிய்ந்து வெளியே விழுந்தது, பின்னாலேயே செந்தண்ணி பீச்சியடித்து அவர் லுங்கியெல்லாம் நனைந்தது. "மண்ணு தள்ளல சார், தண்ணிதான் தள்ளுது" என்றார்.

அன்று இரவு ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் ஒரு முறை கையால் போட்டுவிடுங்கள். சுவர் 4 மீட்டர், மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 30 பாகை. 30 பாகைக்கு ரேங்கினின் செயல் அழுத்தக் குணகம் மூன்றில் ஒன்று, அதாவது மேலிருந்து அழுத்தும் மண்ணின் பாரத்தில் இந்தப் பங்குதான் பக்கவாட்டில் சுவரைத் தள்ளும். அடியில் அழுத்தம் 18 × 4 ÷ 3 = 24. முக்கோணத்தின் பரப்பு 48. அதாவது சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 48 கிலோநியூட்டன். இது காய்ந்த மண்.

இப்போது தண்ணீர் மேல்மட்டம் வரை நிற்கிறது. நனைந்து நிறைந்த மண்ணின் எடை 20, தண்ணீர் 10 என்று வைத்தால் மூழ்கிய மண்ணின் எடை 10. மண்ணின் பங்கு 48-லிருந்து 26.7 ஆகக் குறைகிறது. ஆனால் தண்ணீர் தனியாக 10 × 4 × 4 ÷ 2 = 80. மொத்தம் 106.7. காய்ந்த நிலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! முதல் தேர்வில் இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். தண்ணீரின் அழுத்தத்தையும் மூன்றால் வகுத்துவிட்டேன். தண்ணீருக்கு உராய்வுக் கோணம் கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளும், அதற்குக் குணகம் ஒன்றுதான். கேள்வி தயாரிப்பவருக்கு நாம் செய்யப்போகும் தவறு தெரியும். மூன்றால் வகுத்தால் வரும் எண்ணும் விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

ஆகவே என் பழக்கம் இது: கேள்வியைப் படித்ததும் பென்சிலால் ஒரு செங்குத்துக் கோடு, அதில் தண்ணீர் மட்டம் எங்கே என்று ஒரு குறி. அதன் பிறகு மண்ணுக்கு ஒரு முக்கோணம், தண்ணீருக்கு இன்னொன்று, மேலே லாரியோ கட்டடமோ நின்றால் அதற்கு ஒரு செவ்வகம். மூன்றையும் தனித்தனியாக வரைய வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் தாளில் 3 மணி நேரத்துக்கு 200 கேள்வி, கேள்விக்கு 54 விநாடி. அதில் படம் வரைய நேரம் ஏது என்று கேட்பீர்கள். வரையாமல் போட்ட கணக்கைத் திருப்பிப் போட அதைவிட அதிக நேரம் ஆகும்.

அதே காய்ந்த சுவரின் மேல் சதுர மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் சுமை வந்தால்? 12-ஐ மூன்றால் வகுத்து 4, மேலிருந்து கீழ் வரை சீராக. விசை 16, அது பாதி உயரத்தில், 2 மீட்டரில். மண்ணின் 48 செயல்படுவது 1.33 மீட்டரில். கவிழ்க்கும் திருப்பம், அதாவது விசையை உயரத்தால் பெருக்கியது, 64 + 32 = 96. மொத்த விசை 64. 96-ஐ 64-ஆல் வகுத்தால் 1.5 மீட்டர், கூட்டு விசை நிற்கும் உயரம். செவ்வகத்துக்கும் மூன்றில் ஒன்று என்று போடுகிறவர்கள் நிறையப் பேர்.

சுவர் அசையுமா அசையாதா என்பதையும் கேள்வியில் கவனியுங்கள். சாலையோரச் சுவர் தலைப்பக்கம் கொஞ்சம் வெளியே நகரும், அதனால் செயல் அழுத்தம். பேஸ்மென்ட் சுவரை மேலே ஸ்லாப் பிடித்திருக்கும், நகராது. அங்கே ஓய்வுநிலை அழுத்தம், 30 பாகைக்குக் குணகம் 0.5. "நகர இயலாத சுவர்" என்ற ஒரே சொல்லில் விடை ஒன்றரை மடங்காகிவிடும்.

நிலைத்தன்மைக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456:2000-இன் 20-ஆம் பிரிவு. சறுக்கலுக்கு எதிராகத் தாங்கும் விசை தள்ளும் விசையைப்போல் 1.4 மடங்கு வேண்டும், தாங்கிப் பிடிக்கும் நிலைச்சுமையை, அதாவது சொந்த எடையை, 0.9-ஆல் பெருக்கித்தான் எடுக்க வேண்டும். மேலே உள்ள சுவருக்கு எடை 200, அடித்தள உராய்வு 0.5 என்றால் சாதாரணக் கணக்கில் 100 ÷ 64 = 1.56. 0.9 போட்டால் 90 ÷ 64 = 1.41. தப்பித்தது, ஆனால் மயிரிழையில். அடித்தள அகலம் 3 மீட்டர், நிறுத்தும் திருப்பம் 336 என்று கொடுத்தால், 336-இல் 96 போக 240, அதை 200-ஆல் வகுத்தால் அடித்தளத்தின் முன்முனையான டோவிலிருந்து 1.2 மீட்டர். நடுவிலிருந்து விலகல் 0.3. அகலத்தில் ஆறில் ஒரு பங்கு 0.5, அதற்குள் இருப்பதால் அடியில் எங்கும் இழுவிசை இல்லை. அதிக அழுத்தம் 106.7, குறைந்தது 26.7.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும், பாதுகாப்புக்காகச் சுமையைப் பெருக்கும் 1.5-ஐ எப்போது போடுவது என்று. மண்ணைப் பற்றிய கணக்கு, அதாவது கவிழ்தல், சறுக்கல், அடிமண் அழுத்தம் எல்லாம், மேலே சொன்ன 0.9 தவிர, உள்ளபடியான சுமையில். கம்பியும் கான்கிரீட்டும் கணக்கிடும்போதுதான் 1.5. இன்னொன்று, அடித்தளத்தின் மேல் நிற்கும் ஸ்டெம் பகுதியின் கம்பிக்கு 4 மீட்டரை எடுக்கக் கூடாது. அடித்தளம் 0.4 மீட்டர் தடிமன் என்றால் ஸ்டெம் உயரம் 3.6. திருப்பம் 46.7 + 25.9 = 72.6, அதை 1.5-ஆல் பெருக்கினால் 108.9. முழு உயரத்தையும் எடுத்துவிட்டால் 144 வரும். அந்த 144-உம் விடைப்பட்டியலில் இருக்கும், சந்தேகமே வேண்டாம்.

கம்பி எந்தப் பக்கம் என்பதற்கு நான் மனப்பாடம் செய்வதில்லை. ஒரு பழைய காலண்டர் அட்டையை தலைகீழ் 'டி' போல ஒட்டி, மண் தள்ளும் பக்கத்திலிருந்து விரலால் தள்ளிப் பாருங்கள். விரல் படும் பக்கம் இழுபடும், ஆகவே ஸ்டெம்முக்கு மண் பக்கம். அடித்தளத்தின் பின்பகுதியான ஹீல் மேல் மண்ணின் பாரம் உட்கார்ந்திருப்பதால் மேல்பக்கம். டோவைத் தரை கீழிருந்து தூக்குவதால் கீழ்பக்கம். சைட்டில் கம்பி கட்டுகிற அண்ணன்மார் இதைப் படம் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள்.

கான்கிரீட் பகுதியில் எம் 25, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமையுள்ள கான்கிரீட், அடிக்கடி வரும், காரணம் சூத்திரங்களில் வரும் வர்க்கமூலம் 25-க்குச் சுளையாக 5. மீள்தன்மைக் குணகம் 25,000, வளைவு இழுவலிமை 3.5. இதைவிட எனக்குப் பிடித்த கேள்வி கியூப் பற்றியது, வலிமை பார்க்க வார்த்து நசுக்கும் கான்கிரீட் கட்டி. மூன்று கியூபின் வலிமை 22, 25, 31. எம் 25 தேறியதா? சராசரி 26, உடனே "தேறியது" என்று கருப்படிக்கக் கை போகும். தனித்தனி முடிவு சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. 26-க்கு அது 3.9, ஆக 22.1 முதல் 29.9 வரை. 22-உம் 31-உம் வெளியே, அந்தச் சோதனையே செல்லாது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் கியூப் ரிஜிஸ்டரில் எல்லா எண்ணும் 30, 31, 30 என்று அழகாக வரிசையில் நிற்கும். கியூபுக்கென்று தனியாக சிமென்ட் கூட்டிக் கலந்தால் அப்படித்தான் வரும்.

சுமைகளில் நான் கையில் வைத்திருந்தவை சொற்பம். கன மீட்டருக்குக் கிலோநியூட்டனில், கம்பி போட்ட ஆர்.சி.சி. 25, வெறும் கான்கிரீட் 24. சதுர மீட்டருக்கு, வீட்டு அறைக்கு 2, பால்கனிக்கும் மாடிப்படிக்கும் 3, வகுப்பறைக்கு 3, ஆள் ஏறும் மொட்டை மாடிக்கு 1.5. 150 எம்.எம். ஸ்லாப் என்றால் 3.75, தரைப்பூச்சு 1, வீட்டுச் சுமை 2, மொத்தம் 6.75. 1.5-ஆல் பெருக்க 10.125. காற்றோ நிலநடுக்கமோ சேர்ந்து வந்தால் நிலைச்சுமை, பயன்பாட்டுச் சுமை, அது என மூன்றுக்கும் 1.2. காற்று கவிழ்க்கப் பார்க்கும்போது நிலைச்சுமைக்கு 0.9, காற்றுக்கு 1.5.

காற்றுக் கணக்கில் மட்டும் உங்கள் கையில் இருக்கும் வழிகாட்டிப் புத்தகத்தின் வருஷத்தைப் பாருங்கள். சென்னைக்கு அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கியது. அது வரை பழையதும் புதியதும் ஒன்றுதான். ஆனால் காற்றுச் சுமைக்கான தரவிதி ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி 2015-இல் திருத்தப்பட்டபோது வேகத்துக்கு நான்காவதாக ஒரு குணகம் சேர்ந்தது. புயல் அடிக்கும் கடலோரத்தில் மருத்துவமனை போன்றவற்றுக்கு 1.30, தொழிற்சாலைக்கு 1.15, மற்றவற்றுக்கு 1. நான் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கிய கைடில் மூன்று குணகம்தான் இருந்தது.