30 நிமிடம் என்றால் எத்தனை லிட்டர்?

ஐரோப்பாவில் சொந்த விமானமோ கிளப் விமானமோ ஓட்டுகிறவர்களுக்கு முக்கியமான விதித்தொகுப்பு பார்ட்-என்சிஓ. 965/2012 என்ற ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறையின் ஏழாம் இணைப்பு அது. அதில் எரிபொருள் பற்றிய பகுதி 2022 அக்டோபர் 30 முதல் மாறியிருக்கிறது. முன்பு நிமிடக் கணக்கு விதியிலேயே இருந்தது. இப்போது விதி கேட்பது, பாதுகாப்பாகத் தரையிறங்கும்போது 'கடைசி இருப்பு' தொட்டியில் மிச்சமிருக்க வேண்டும் என்பதை. நிமிடங்கள் ஈயாசாவின் (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின்) இணக்க வழிமுறைக்கு, அதாவது விதியை எப்படி நிறைவேற்றலாம் என்று சொல்லும் ஆவணத்துக்குப் போய்விட்டன: பகல் விஎஃப்ஆர் (கண்பார்வை விதிப்படியான) பறப்புக்கு 30 நிமிடம், இரவு விஎஃப்ஆர், ஐஎஃப்ஆர் (கருவிகளை நம்பிப் பறப்பது) இரண்டுக்கும் 45. புறப்பட்ட தளத்திலேயே இறங்கி, அதைக் கண்பார்வையில் வைத்தபடி பகலில் பறந்தால் 10 போதும்.

இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் பொறுப்பு முழுக்க விமானியின் கணக்கில் வந்து விழுகிறது. நிமிடம் தொட்டியில் இருப்பதில்லை; லிட்டர்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். தூரம் 150 நாட்டிக்கல் மைல், வேகம் 110 நாட் (மணிக்கு 110 நாட்டிக்கல் மைல்), மணிக்கு 34 லிட்டர் செலவு. காற்றில்லாத நாளில் 82 நிமிடம், சுமார் 46 லிட்டர். எதிர்க்காற்று 25 நாட் என்றால் தரைவேகம் 85 ஆகிவிடும். அதே தூரத்துக்கு 106 நிமிடம், 60 லிட்டர். வித்தியாசம் 14 லிட்டர். பகல் இருப்பே 17 லிட்டர்தான்! காற்றை மறந்த ஒரே பிழை இருப்பை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. ஆகவே 60, இருப்பு 17, டாக்ஸிக்கும் (தரையில் ஓடுவதற்கும்) மேலேறுவதற்கும் 6, எதிர்பாராததற்குப் பயணத்தில் பத்து சதவீதம் 6: மொத்தம் 89 லிட்டர். பத்து சதவீதம் என்பது என் பழக்கம், விதியின் எண் அல்ல.

அந்த 34 லிட்டர் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். விமானக் கையேட்டின் அட்டவணை பெரும்பாலும் மிக்ஸ்சரை (எரிபொருள்-காற்றுக் கலவையை) மெலிதாக்கி, அதாவது எரிபொருளைக் குறைத்துப் பறப்பதை வைத்துப் போட்டது. மிக்ஸ்சர் பிடியை முழுக்கத் தள்ளி, எரிபொருள் மிகுந்த கலவையிலேயே பறக்கிறவருக்கு அந்த எண் பொருந்தாது. தொட்டியின் அடியில் எஞ்சும், இன்ஜினுக்குக் கிடைக்காத எரிபொருளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எரிபொருள் கேஜை மட்டும் நம்பாமல், அந்த விமானத்துக்கென அளவிட்ட டிப்ஸ்டிக்கை (அளவுக்குச்சியை), விமானம் சமதரையில் நிற்கும்போது விட்டுப் பாருங்கள். எடைக் கணக்கில் ஆவ்கேஸ் (விமானப் பெட்ரோல்) லிட்டருக்கு 0.72 கிலோ, 89 லிட்டர் 64 கிலோதான். லிட்டரையே கிலோவாக எழுதினால் 25 கிலோ கூடுதலாகத் தெரியும், எடை தாண்டுகிறது என்று தேவையில்லாமல் எரிபொருளைக் குறைக்கத் தோன்றும்.

வானில் அரைமணிக்கு ஒருமுறை மிச்சத்தை எழுதுங்கள். ஒரு தளத்தில்தான் இறங்கியாக வேண்டும், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு தந்த அனுமதியில் எந்த மாற்றம் வந்தாலும் இருப்பில் கை வைக்க நேரும் என்ற நிலை வந்தால், அவர்களிடம் 'மினிமம் ஃப்யூயல்' என்று சொல்ல வேண்டும். அது அவசரநிலை அறிவிப்பு அல்ல, முன்னுரிமையும் தராது. அருகிலுள்ள பொருத்தமான தளத்தில் இறங்கும்போதே இருப்புக்குக் கீழே போய்விடும் என்று கணக்கு சொன்னால் 'மேடே மேடே மேடே ஃப்யூயல்' என்ற அவசரநிலை அறிவிப்பு. கூச்சப்பட்டு 'மினிமம் ஃப்யூயல்' என்பதோடு நிறுத்திக்கொள்வது ஆபத்தான தவறு.

ஆக்சிஜனுக்கும் இதே சிந்தனைதான். எந்த உயரத்தில் தேவை என்பதை விமானியே தீர்மானிக்கலாம். தீர்மானிக்க முடியாவிட்டால் 10,000 அடிக்கு மேல் 13,000 வரை அரைமணி தாண்டினால், 13,000-க்கு மேல் எப்போதும்.

கடல் கடப்பதிலும் அப்படியே. ஒற்றை இன்ஜின் விமானம் இன்ஜின் நின்றால் காற்றில் சறுக்கிக் கரை சேரும் தூரத்தைத் தாண்டினால், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி கட்டாயம். கரை 50 நாட்டிக்கல் மைலுக்கோ 30 நிமிடப் பறப்புக்கோ அப்பால் போனால் (எது குறைவோ அது), படகும் சமிக்ஞைக் கருவிகளும் வேண்டுமா என்பதை விமானி எடைபோட வேண்டும். அங்கியை அணிந்திருக்க வேண்டும், அல்லது உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டும்படி வைத்திருக்க வேண்டும். பின்புறப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தால் அது இல்லாததற்குச் சமம். காற்றடிக்கும் கயிற்றைக் கேபினுக்கு வெளியே வந்த பிறகுதான் இழுக்க வேண்டும் என்பதைப் பயணிகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளேயே ஊதிவிட்டால் கதவு வழியே வெளியேறுவது கடினம்.