இன்டர்நேஷனலைசேஷன்: எட்டு சிலபிளில் அழுத்தம் எங்கே விழும்?

இன்டர்நேஷனலைசேஷன் (internationalization, சர்வதேசமயமாக்கல்) மாதிரி நீளமான சொல்லை முதல் எழுத்திலிருந்து கூட்டி வாசித்தால் பாதியிலேயே திணறிவிடும். அது வளர்ந்த வழியில் பிடிப்பதுதான் சுலபம். சிலபிள் என்றால் ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு. நேஷன் 2 சிலபிள். பின்னால் 'அல்' வந்தால் 3, முன்னால் 'இன்டர்' வந்தால் 5, 'ஐஸ்' சேர்ந்து வினையானால் 6, 'ஏஷன்' ஒட்டி மறுபடி பெயரானால் 8. (யாப்பில் வரும் அசை வேறு. 'கரு' நமக்கு ஒரே நிரையசை. சிலபிள் கணக்கில் இரண்டு.)

ஒட்டும் வரிசை பொருளையே மாற்றும். நேஷனலைசேஷன் என்றால் அரசுடைமை ஆக்குவது. 1969-ல் 14 வங்கிகளுக்கு நடந்தது அதுதான். அதன் தலையில் 'இன்டர்' வைத்ததாகப் பிரித்தால் அர்த்தம் தடம் மாறிவிடும். இன்டர்நேஷனல் முதலில் உருவாகிவிட வேண்டும், மற்றவை பிறகுதான். மென்பொருள்காரர்கள் இதை 'ஐ18என்' என்று சுருக்குவார்கள். முதல் ஐ-க்கும் கடைசி என்-னுக்கும் நடுவே 18 எழுத்து. ஸ்பெல்லிங்கில் 'ஐஸ்' பகுதிக்கு எஸ் போட்டாலும் இசட் போட்டாலும் கணக்கு அதேதான்.

நம்மவர்கள் சறுக்குவது உச்சரிப்பில். தமிழில் எல்லா உயிரையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் ஒலித்துப் பழகியதால் இங்கேயும் எட்டையும் சமமாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலக் காது அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காணும். 'ஏஷன்' எங்கே ஒட்டினாலும் முதன்மை அழுத்தத்தை அந்த 'ஏ' பிடுங்கிக்கொள்ளும். இன்டர்நேஷனலில் மூன்றாம் சிலபிளில் இருந்த அழுத்தம் இதனால் ஏழாவதுக்குப் போகிறது. முதலாவதிலும் மூன்றாவதிலும் துணை அழுத்தம் மட்டும் தங்கும். 2, 4, 5, 8 மங்கிவிடும். வேகமாகப் பேசும்போது நான்காவது காணாமலே போய் ஏழு சிலபிள்தான் கேட்கும். ஆறாவதை பிரிட்டனில் 'லை' என்பார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் மங்கிய 'ல'.

இன்னொரு பொறி: நேஷனில் இருக்கும் 'நே', 'அல்' சேர்ந்ததும் வாய் அகலத் திறக்கும் 'ந்யா' ஆகிவிடும். தமிழில் இரண்டையும் 'நே' என்றே எழுதுகிறோம், தப்பு அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது.

பழக, வாலிலிருந்து கட்டுங்கள்: ஷன், சேஷன், லைசேஷன், நலைசேஷன், ந்யாஷனலைசேஷன், கடைசியாக 'இன்டர்'. ஒவ்வொரு சுற்றிலும் 'சே'யை நீட்டி, குரலை உயர்த்தி ஒலியுங்கள். அந்தச் 'சே' குரல் கலந்த இசட் ஒலி, எஸ் அல்ல. அகராதியில் சரிபார்க்கும்போது மேலே இருக்கும் சிறு கோடு முதன்மை அழுத்தம், கீழே இருப்பது துணை அழுத்தம். பெரும்பாலான அகராதிகளில் இரண்டுமே அழுத்தம் விழும் சிலபிளுக்கு முன்னால்தான் நிற்கும்.